லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இத்தாலிய கார்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருவர் செல்போனில் இந்தக் காரின் படத்தைக் காட்டி விடுகிறார். ஆப்பு போல ஒரு உருவம், செம்பு நிறம், கதவு எங்கே என்று தெரியாது. தொடர்ந்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது நிஜ காரா, இல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?

நிஜ கார்தான். 1970 அக்டோபர் இறுதியில் இத்தாலியின் டூரின் மோட்டார் கண்காட்சியில் பெர்தோனே நிறுவனம் இதைக் காட்சிக்கு வைத்தது. கம்ப்யூட்டரில் கார் வரையும் வழக்கமே அப்போது கிடையாது. காகிதத்தில் வரைந்து, அளவெடுத்து, தகட்டைத் தட்டி வளைத்துச் செய்த வண்டி. செய்தது ஒன்றே ஒன்று.

பெர்தோனேன்னா கார் கம்பெனியா? லான்சியான்னு வேற போட்டிருக்கே?

லான்சியா கார் கம்பெனி. பெர்தோனே உடல் கட்டும் பட்டறை. இத்தாலியில் இவர்களைக் கரோட்செரியா என்பார்கள். குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டிய தொழிலிலிருந்து வளர்ந்த மரபு இது. கார் கம்பெனி எஞ்சினும் அடிச்சட்டமும் தரும். மேலே உள்ள உடலை இவர்கள் வடிவமைத்துக் கட்டித் தருவார்கள். டூரின் நகரத்தைச் சுற்றி மட்டும் பெர்தோனே, பினின்ஃபரீனா, கியா என்று பல பேர் இருந்தார்கள். ஜியோவான்னி பெர்தோனே 1912-ல் தொடங்கிய பட்டறையை அவர் மகன் நூச்சோ பெர்தோனே பெரிய தொழிற்சாலையாக வளர்த்தார்.

இவர்களுக்குக் கண்காட்சிதான் விளம்பரம். யாருமே செய்யத் துணியாத ஒரு காரைச் செய்து மேடையில் நிறுத்தினால் பத்திரிகைகள் எழுதும், கார் கம்பெனிகள் பேச வரும், ஆர்டர் கிடைக்கும். கான்செப்ட் கார் என்பதை 'வருங்காலக் கனவு' என்று எழுதுபவர்கள் இந்த வியாபாரக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் காரைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்குதான் முக்கியம். கீழே பல பதில்களில் அது திரும்ப வரும்.

உயரம் 84 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. தட்டச்சுப் பிழையா?

பிழை இல்லை. தரையிலிருந்து கூரை வரை 84 செ.மீ.தான். வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசையைவிட ஒரு கை அகலம் உயரம், அவ்வளவே. நீளம் சுமார் 3.58 மீட்டர், அகலம் 1.87 மீட்டர். அதாவது நீளத்தில் ஒரு சின்ன கார். அகலத்தில் பெரிய கார். உயரத்தில் எதிலும் சேராது.

கதவே இல்லையே, உள்ளே எப்படிப் போறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பக்கவாட்டில் கதவு கிடையாது. முன்கண்ணாடிதான் கதவு. அதன் மேல்விளிம்பில் கீல் இருக்கிறது. கண்ணாடி மொத்தமாக மேலே தூக்கும். கண்ணாடி எழும்போது ஸ்டீயரிங் தண்டும் முன்பக்கமாகச் சாய்ந்து வழிவிடும். காரின் மூக்கின் மேல் கறுப்பாக ஒரு ரப்பர் விரிப்பு பதித்திருப்பதைப் படத்தில் பார்க்கலாம். அது அலங்காரம் இல்லை, கால் வைக்கும் படி. காருக்கு முன்னால் போய் நின்று, அதன் மேல் ஏறித் திரும்பி, இருக்கையில் சறுக்கி இறங்க வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங்கை இழுத்துக்கொண்டு கண்ணாடியை மூடிக்கொள்ள வேண்டும்.

இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. 84 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் கதவு வைத்தால் அந்தத் திறப்புக்குள் மனிதர் தவழ்ந்துதான் போக வேண்டும். கதவு போனதால் பக்கச் சுவர்களும் வெட்டில்லாமல் ஒரே தகடாக நின்றன. உருவம் அவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே ஆள் உட்கார முடியுமா? என்ன தெரியும்?

இரண்டு பேர் உட்காரலாம். 'உட்காரலாம்' என்பதைவிடப் படுக்கலாம் என்பது சரி. முதுகு நன்றாகச் சாய்ந்து, கால்கள் முன்சக்கரங்களுக்கு இடையே நீண்டிருக்கும். தலைக்கு மேலே கண்ணாடி ஓடுவதால் முன்னால் சாலையும் மேலே வானமும் தாராளமாகத் தெரியும். பக்கவாட்டில் சிறிய ஜன்னல்கள்தான்.

டேஷ்போர்டு என்று வழக்கமான ஒன்று முன்னால் இருக்க முடியாது, அங்கேதான் வாசல். அதனால் வேகமானி முதலிய மீட்டர்களை ஓட்டுநருக்குப் பக்கவாட்டில், சக்கரக்கூட்டின் பின்புறம், ஒரு பச்சைநிற அக்ரிலிக் பலகையில் பதித்துவிட்டார்கள். வேகம் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். அழகு பார்த்தால் பிரமாதம், அன்றாட உபயோகத்துக்குத் தலைவலி.

எஞ்சின் இருக்கா, இல்ல தள்ளிக்கிட்டுப் போற பொம்மையா?

எஞ்சின் உண்டு, ஓடும். கண்காட்சிக் கார்களில் பல, மேடைக்குத் தள்ளி வைத்து மேடையிலிருந்து தள்ளி இறக்கும் வெறும் கூடுகள்தான். இது அப்படி இல்லை. லான்சியா ஃபுல்வியா எச்எஃப் காரின் 1,584 சி.சி. வி4 எஞ்சின் இதில் இருக்கிறது. சுமார் 115 குதிரைத்திறன். சிலிண்டர்கள் மிகக் குறுகிய கோணத்தில் நெருங்கி நிற்கும் வகை அது, அதனால் எஞ்சினும் அடக்கமானது. ஃபுல்வியாவில் அது முன்னால் இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றும். ஜீரோவில் அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்சக்கரங்களைச் சுழற்ற வைத்தார்கள்.

பின்புறம் முக்கோண வடிவில் பட்டை பட்டையாகத் தெரிவது எஞ்சின் மூடி. பட்டைகளுக்கு இடையிலான இடைவெளிகள் சூடு வெளியேற.

இவ்வளவு பயங்கரமான உருவத்துக்கு வெறும் 1.6 லிட்டர் எஞ்சினா?

ஆமாம், பலருக்கு இது ஏமாற்றம். ஆனால் இந்த எஞ்சினைத் தேர்ந்ததில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. வேகம்தான் நோக்கம் என்றால் பெரிய எஞ்சின் எத்தனையோ கிடைத்திருக்கும். லம்போர்கினி பெர்தோனேயின் பழைய வாடிக்கையாளர். ஃபுல்வியா எச்எஃப் அந்த ஆண்டுகளில் ராலியில், அதாவது சாதாரணச் சாலைகளிலும் மண் பாதைகளிலும் நேரக் கணக்கில் நடக்கும் கார் பந்தயத்தில், லான்சியாவின் பெருமை. அந்த எஞ்சினை வைத்து, அந்தப் பெயரை ஒட்டிக் காட்சிக்கு நிறுத்தினால் அதைப் பார்க்க வேண்டிய ஆள் யார் என்பது தெளிவு.

அப்போ லான்சியா கேட்டுச் செஞ்சதுதானே?

இல்லை, நேர்மாறு. லான்சியாவுக்கு வழக்கமான வடிவமைப்பாளர் பினின்ஃபரீனா. பெர்தோனேக்கு அந்த வீட்டில் பெரிய இடம் இல்லை. 1969-ல் லான்சியாவை ஃபியட் வாங்கியது. மேலிடம் மாறும்போது பழைய உறவுகளும் தளரும், புதியவர் நுழைய அதுதான் நேரம். ஃபுல்வியாவுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது, ராலியில் அதன் இடத்துக்கு வேறு கார் தேவைப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நூச்சோ பெர்தோனே தன் செலவில் ஒரு காரைச் செய்து, லான்சியா பெயரைப் போட்டு, லான்சியாவின் சொந்த ஊரான டூரினிலேயே நிறுத்தினார். என் பார்வையில் இது ஒரு வேலை விண்ணப்பம். எழுதிக் கொடுக்காமல் தகட்டில் செய்து கொடுத்தார்.

லான்சியா கேட்டுக்குக் கீழே நுழைஞ்சு போனாருன்னு சொல்றாங்களே, கட்டுக்கதையா?

கார் வரலாறுகளில் இது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நிகழ்ச்சி. கண்காட்சிக்குப் பிறகு லான்சியா நிர்வாகிகள் பேச்சுக்கு அழைத்தார்கள். நூச்சோ பெர்தோனே ஜீரோவைத் தானே சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். தொழிற்சாலை வாசலில் குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது. கம்பத்தைத் தூக்கும் வரை காத்திராமல் அதன் அடியிலேயே காரை ஓட்டி உள்ளே போய்விட்டார், வேலையாட்கள் கைதட்டினார்கள் என்பது கதை.

சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் 84 செ.மீ. உயரக் கார் குறுக்குக் கம்பத்துக்கு அடியில் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேச்சு நடந்ததும் அதிலிருந்து ஒரு கார் பிறந்ததும் வரலாறு.

வரைஞ்சது யாரு? ஜுஜாரோதானே?

இல்லை. மார்செல்லோ காண்டினி. இந்தக் குழப்பம் வருவதற்கு நியாயம் உண்டு: இருவரும் 1938-ல் பிறந்தவர்கள், இருவரும் பெர்தோனேயில் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர்கள். ஜுஜாரோ 1965-ல் வெளியேறினார், அந்த இடத்துக்கு வந்தவர் காண்டினி. லம்போர்கினி மியூரா, மார்சால், கௌன்டாக், ஃபியட் எக்ஸ்1/9 எல்லாம் காண்டினியின் பெர்தோனே காலத்து வேலைகள். பிற்பாடு சித்ரோயன் பிஎக்ஸ் என்ற சாதாரணக் குடும்பக் காரையும் அவர்தான் வரைந்தார். 2024 மார்ச்சில் காலமானார்.

அந்தக் காலத்துல எல்லாக் காரும் ஏன் ஆப்பு மாதிரியே இருக்கு?

அறுபதுகளின் நடுவரை விளையாட்டுக் கார் என்றால் வளைவுகள்தான். மியூராவையே பாருங்கள், எங்கேயும் நேர்க்கோடு இல்லை. ஆனால் மியூராவுக்கு ஒரு தொல்லை: அதிவேகத்தில் மூக்குப் பகுதி லேசாக மேலெழும். முன்பக்கத்தைக் கத்தி போலத் தாழ்த்திப் பின்பக்கம் உயர்த்தினால் காற்றே மூக்கை அழுத்திப் பிடிக்கும் என்பது ஆப்பு வடிவத்தின் அடிப்படை. பந்தயக் கார்களிலும் அதே போக்கு வந்துகொண்டிருந்தது.

1968 பாரிஸ் கண்காட்சியில் காண்டினி ஆல்ஃபா ரோமியோ 33 அடிச்சட்டத்தின் மேல் கராபோ என்ற பச்சைக் காரைச் செய்தார். மேல்நோக்கி எழும் கதவுகள் அதில்தான் வந்தன. அதன் உயரம் 99 செ.மீ. அதற்குப் பிறகு கரோட்செரியாக்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது. 1970 மார்ச்சில் பினின்ஃபரீனா ஜெனீவாவில் ஃபெராரி மாடுலோவைக் கொண்டுவந்தது, 93.5 செ.மீ. ஏழு மாதம் கழித்து ஜீரோ, 84 செ.மீ. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் ஆளை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே அடுத்து வந்த கௌன்டாக், ஜுஜாரோவின் மஸராட்டி பூமராங் எல்லாம் ஆப்பாகவே இருந்தாலும் உயரத்தில் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டன.

மாடுலோவா ஜீரோவா, எது பெரிய சாதனை?

ரசனையைப் பொறுத்தது என்று சொல்லி நழுவலாம், ஆனால் எனக்கு ஜீரோதான். பாவ்லோ மார்ட்டின் வரைந்த மாடுலோ பார்க்கப் பறக்கும் தட்டு. அடியில் இருப்பதோ ஃபெராரி 512 எஸ் பந்தயக் காரின் சட்டம். ஆனால் பல பத்தாண்டுகள் அது காட்சிப்பொருளாகவே நின்றது. 2014-ல் ஒரு அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கிய பிறகுதான் அதை ஓடும் காராக ஆக்கினார்கள். ஜீரோ பிறந்த காலத்திலேயே சாலையில் ஓடிப் போய் வியாபாரம் பேசியது.

ராலியில ஜெயிச்ச ஸ்ட்ராடோஸ் இதுதானா?

இரண்டும் வேறு கார்கள். கண்காட்சியில் வைத்தபோது இதன் பெயர் 'ஸ்ட்ராடோஸ் எச்எஃப்'. அதே பெயரை ராலிக் கார் எடுத்துக்கொண்டதால், முதலில் வந்ததைப் பிரித்துச் சொல்ல 'ஜீரோ' ஒட்டிக்கொண்டது. படம் தேடும்போது வரும் குழப்பத்துக்கு இதுதான் காரணம். குட்டையாக, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி போல வளைந்த முன்கண்ணாடியுடன், பக்கக் கதவுகளுடன் இருந்தால் அது ராலிக் கார். கதவு இல்லாவிட்டால் ஜீரோ.

சரி, ஆனா அதோட முன்மாதிரியாவது இதுதானே?

பாதி உண்மை. வியாபாரம் இதிலிருந்து பிறந்தது, வடிவம் பிறக்கவில்லை. லான்சியாவின் ராலிப் பிரிவைச் சேசரே ஃபியோரியோ நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது மேடைக் கார் இல்லை, ராலிக்கென்றே முதல் ஆணியிலிருந்து செய்த கார். பெர்தோனேயும் காண்டினியும் அதற்காகப் புதிதாக ஒன்றை வரைந்தார்கள். முதல் முன்மாதிரி 1971 டூரின் கண்காட்சியில் வந்தது. நடுவில் எஞ்சின், இரண்டே இருக்கை, ஆப்புச் சாயல் இவ்வளவுதான் பொதுவானவை. தகடு, சட்டம், எஞ்சின் எதுவும் ஜீரோவிலிருந்து போகவில்லை.

எஞ்சின் ஃபெராரி டீனோவின் 2.4 லிட்டர் வி6, குறுக்காகப் பொருத்தியது. 1969-லேயே ஃபெராரியின் பாதிப் பங்கும் ஃபியட் கைக்குப் போயிருந்ததால் அந்த எஞ்சினைக் கேட்க வழி இருந்தது, கேட்டதும் கிடைத்துவிடவில்லை என்பது வேறு கதை. உயரம் 111 செ.மீ. கதவின் உள்பக்கம் ஹெல்மெட் வைக்கப் பெரிய குழி. இப்படி ஒவ்வொன்றும் ராலிக்காரர்களின் தேவை. மொத்தம் ஐநூறுக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள். 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு உலக ராலிப் பட்டம். சாண்ட்ரோ முனாரி 1975 முதல் 1977 வரை மான்டே கார்லோ ராலியை இதில் வென்றார். 1979-ல் பெர்னார் தார்னீஷ் இன்னொரு முறை வென்றார்.

ஆகவே ஜீரோவை ராலிக் காரின் அப்பா என்று எழுதுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. கல்யாணத் தரகர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஹெட்லைட்டே காணோமே? ராத்திரி எப்படி ஓட்டுவாங்க?

மூக்கின் விளிம்பில் ஓடும் மெல்லிய பட்டைதான் ஹெட்லைட். அதற்குள் 55 வாட் விளக்குகள் பத்து வரிசையாக இருக்கின்றன. பின்பக்கம் வெட்டி நிறுத்திய வாலின் ஓரம் முழுக்க 84 சின்னச் சின்ன பல்புகள். உயரமும் 84, பல்பும் 84. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. இன்று எல்இடி பட்டை விளக்கு எல்லாக் காரிலும் இருக்கிறது. எல்இடி இல்லாத காலத்தில் அதே தோற்றத்தைச் சாதாரண பல்பை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

விபத்து நடந்தா என்ன ஆகும்? இதை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்க முடியுமா?

முடியாது, கொண்டுவரும் எண்ணமும் இல்லை. பம்பர் இல்லை. கால்கள் முன்சக்கரங்களுக்கு நடுவில், முன்னால் தடுப்பு என்று சொல்ல ஒரு மெல்லிய மூக்கு. வாசல் மேல்பக்கம் திறப்பதால் கார் கவிழ்ந்தால் வெளியே வருவது பெரும்பாடு. லாரி ஓட்டுநர் கண்ணில் இது படுமா என்பதும் சந்தேகம். மேலே சொன்ன விண்ணப்பக் கணக்கை வைத்துப் பார்த்தால், இதெல்லாம் குறையாகவும் தெரியாது. விற்க வேண்டியது காரை அல்ல, பெர்தோனே என்ற பெயரை.

மைக்கேல் ஜாக்சன் படத்துல வந்தது இதுதானா?

ஆமாம். 1988-ல் வந்த 'மூன்வாக்கர்' படத்தில் அவர் ஒரு காராக உருமாறுவார். அந்தக் கார் ஜீரோவின் உருவம். செய்து 18 வருடம் ஆன கார், அப்போதும் எதிர்காலத்திலிருந்து வந்ததாகக் காட்டப் போதுமானதாக இருந்தது.

இப்போ எங்க இருக்கு? விலை என்ன?

நாற்பது வருடம் பெர்தோனேயிடமே இருந்தது. நூச்சோ பெர்தோனே 1997-ல் காலமான பிறகு நிறுவனம் தள்ளாடியது. கடனில் சிக்கியபோது, 2011 மே மாதம் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வில்லா தெஸ்தே என்ற பழைய கார் அணிவகுப்பை ஒட்டி நடந்த ஏலத்தில் தன் சேகரிப்பிலிருந்து ஆறு கார்களை விற்க வேண்டி வந்தது. ஜீரோ 7,61,600 யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐந்து கோடி ரூபாய். அதே ஏலத்தில் லம்போர்கினி மார்சால் 15 லட்சம் யூரோவைத் தாண்டியது. ஜீரோவுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

இப்போது தனியார் கையில் இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் அட்லான்டாவில் ஹை அருங்காட்சியகத்தில் நடந்த கனவுக் கார்கள் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். பழைய கார் அணிவகுப்புகளிலும் அவ்வப்போது தலைகாட்டும்.

நிரந்தரமாப் போய்ப் பார்க்கிற மாதிரி பெர்தோனே கார் எங்கேயாவது இருக்கா?

ஜீரோவை அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் பெர்தோனே 2014-ல் திவாலான பிறகு மிச்சமிருந்த 79 வாகனங்களைத் தனித்தனியாகச் சிதற விடாமல் இத்தாலியப் பழைய வாகனச் சங்கமான ஏஎஸ்ஐ 2015-ல் மொத்தமாக வாங்கியது. அவை மிலான் மல்பென்சா விமான நிலையத்தை ஒட்டிய வொலாந்தியா அருங்காட்சியகத்துக்குப் போயின. மல்பென்சாவில் இறங்குபவர்களுக்குச் சில மணி நேரம் கையில் இருந்தால் போதும். போகும் முன் எந்தெந்தக் கார்கள் அப்போது காட்சியில் இருக்கின்றன என்று அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்காட்சிகளுக்காக அவ்வப்போது சிலது வெளியே போய்விடும்.